ஆண்களே இல்லாத மனித இனம்: அறிவியல் புனைகதைக்காக ஒன்றை உருவாக்குவது எப்படி?

ஆண்களே இல்லாத மனித இனத்தை வைத்துக் கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அரண்மனையில்தான் தொடங்குகிறார்கள். ஒரு ராணி, ஈட்டியோடு காவல் நிற்கும் பெண்கள், நடுவில் வழிதவறி வந்து இறங்கும் விண்வெளி வீரன் ஒருவன். அல்லி ராஜ்ஜியக் கதை நமக்குப் புதிதில்லை, சுவையாகவும் எழுதலாம். ஆனால் அறிவியல் புனைகதை என்று போர்டு மாட்டினால் வாசகர் முதலில் கேட்கப்போவது வேறு கேள்வி: அங்கே குழந்தை எப்படிப் பிறக்கிறது? இதற்கு நீங்கள் சொல்லும் பதில்தான் அந்த மக்களின் முகம், நோய், உறவுமுறை, சொத்து, சண்டை எல்லாவற்றையும் முடிவு செய்யும். அதனால் கருமுட்டையில் தொடங்கி, ஊர், ஆட்சி என்று மெல்ல மேலே வருவோம்.

கூடவே ஒரு மாதிரி உலகத்தையும் கட்டிக்கொண்டே போகலாம். பெயர் மறுகரை. தூரத்துக் கிரகம் ஒன்றில் 60 பெண்கள் குடியேறினார்கள். கதை நடப்பது அதற்கு 500 ஆண்டுகள் கழித்து. இப்போதைக்கு இது போதும்.

முதல் படி: ஏற்கெனவே இப்படி வாழ்பவர்களைப் பாருங்கள்

பெண்கள் மட்டுமே உள்ள இனங்கள் இயற்கையில் உண்டு. ஒன்று நம் வீட்டுப் பூந்தொட்டியிலேயே இருக்கலாம். தொட்டி மண்ணைக் கிளறும்போது மண்புழு என்று நினைத்து நாம் ஒதுக்கிவிடும் புழுப்பாம்புகளில் ஒரு வகை முழுக்கப் பெண்கள்தான். ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டுப் பெருகும் அந்தப் பாம்பு, செடித் தொட்டிகளோடு கப்பலேறிப் பல கண்டங்களுக்குப் பரவிவிட்டது. புது ஊரில் குடியேற ஒரே ஒரு பாம்பு போதும் அல்லவா? குடியேற்றக் கதை எழுதுபவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ சாட்டைவால் பல்லி நமக்கு இன்னும் பயன்படும். இரண்டு வேறு வேறு பல்லி இனங்கள் கலந்து உருவான கலப்பினம் அது, ஆணே கிடையாது. முட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் வழக்கத்தைவிட ஒரு முறை கூடுதலாக இரட்டிப்பாகி, ஒவ்வொன்றும் தன் நகலோடேயே இணை சேர்ந்து பிரிகிறது. அதனால் தாயிடம் இருந்த மரபணு வேறுபாடுகள் எதுவும் குறையாமல் மகளுக்குப் போகின்றன. இந்தப் பல்லிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இணைசேர்வது போல நடந்துகொள்வதும் உண்டு. இனப்பெருக்கத்துக்கு விந்தணு தேவையில்லை என்று ஆன பிறகும் துணை தேவைப்படலாம் என்பதற்கு இயற்கையே தரும் சாட்சி இது.

மூன்றாவது, அமேசான் மோலி மீன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது வாழ்வது டெக்சாஸிலும் வடகிழக்கு மெக்சிகோவிலும். பெண் மட்டுமே உள்ள முதுகெலும்புள்ள விலங்கு என்று 1932-இல் முதன்முதலாக அறியப்பட்டது இதுதான். பக்கத்து இன ஆண் மீனின் விந்தணு வந்து முட்டையைத் தட்டி எழுப்பினால்தான் கரு வளரும். ஆனால் அந்த ஆணின் மரபணு குஞ்சுக்குள் சேர்வதில்லை. அந்த ஆண் எதற்கு உழைக்கிறான் என்பது தனிக் கதைக்கான கரு.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 2006-இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்கியல் பூங்காவில் ஆண் துணை இல்லாத கொமோடோ டிராகன் ஒன்று இட்ட முட்டைகளிலிருந்து குஞ்சுகள் பொரிந்தன. எல்லாமே ஆண்! கொமோடோவில் பாலினக் குரோமோசோம் அமைப்பு நம்முடையதற்குத் தலைகீழ்; அங்கே பெண்ணிடம்தான் இரண்டு வேறு வேறு குரோமோசோம்கள். மனிதப் பெண்ணிடம் இருப்பவை இரண்டு எக்ஸ் என்பதால் அவள் தனியாகக் குழந்தை பெற்றால் அது மகளாகத்தான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

இரண்டாம் படி: மனித உடல் போடும் முட்டுக்கட்டையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பல்லிக்கு முடிகிறது, மனிதருக்கு ஏன் முடியாது? பாலூட்டிகளில் இயற்கையாக இப்படிப் பெருகும் இனம் ஒன்றுகூட அறியப்படவில்லை. முக்கியக் காரணம் மரபணு முத்திரை. நம் மரபணுக்களில் நூறு போலச் சிலவற்றில், அம்மாவிடமிருந்து வந்த பிரதி மட்டும் வேலை செய்யும், அல்லது அப்பாவிடமிருந்து வந்தது மட்டும் வேலை செய்யும். மற்றது முத்திரை வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். கருவை வளரத் தூண்டும் ஐஜிஎஃப்2 என்ற மரபணுவில் அப்பாவின் பிரதிதான் இயங்குகிறது. இரண்டு பிரதியும் அம்மாவுடையவை என்றால் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை.

1984-இல் கேம்பிரிட்ஜில் அசிம் சுரானியின் குழுவும் பிலடெல்ஃபியாவில் மெக்கிராத், சோல்டர் இருவரும் எலிக் கருக்களில் இதைக் காட்டினார்கள். தாயின் மரபணுத் தொகுப்பு மட்டும் இரண்டு இருந்தால் கரு ஓரளவு உருவாகும், நஞ்சுக்கொடி வளராது. தந்தையுடையது மட்டும் இரண்டு இருந்தால் நஞ்சுக்கொடித் திசு பெருகும், கரு நிற்காது. மனிதரிலும் இதன் சாயலைப் பெண்கள் மருத்துவமனைகளில் பார்க்கலாம். குழந்தைக்குப் பதில் நஞ்சுக்கொடித் திசு பெருகுவதை முத்துப்பிள்ளை கர்ப்பம் என்கிறார்களே, அதன் முழு வடிவத்தில் இருப்பது தந்தையின் மரபணு மட்டுமே. கருவுறாத முட்டை சூலகத்திலேயே தானாக வளரத் தொடங்கினால் ரோமமும் பல்லும் கொண்ட டெரடோமா கட்டியாகிறது.

ஆகவே "பரிணாமத்தில் தானாக வந்துவிட்டது" என்று ஒரு வரியில் தாண்டிப் போக முடியாது. யாரோ கைவைத்திருக்க வேண்டும். அதற்கும் முன்னோடி உண்டு. 2004-இல் டோக்கியோவில் டோமோஹிரோ கோனோவின் குழு 457 கருமுட்டைகளைத் திருத்தியமைத்து, இரண்டு தாய்கள் மட்டுமே கொண்ட ககுயா என்ற எலியைப் பிறக்க வைத்து வளர்த்தது; அது பிறகு தானும் குட்டி போட்டது. 2022-இல் ஷாங்காய் ஆய்வாளர்கள் ஒரே ஒரு கருவுறாத முட்டையில் ஏழு முத்திரை இடங்களை மாற்றியெழுதி, வளர்ந்து குட்டி போடும் எலியை உருவாக்கிக் காட்டினார்கள். உங்கள் எதிர்கால விஞ்ஞானிகள் செய்ய வேண்டியது இதன் அடுத்த கட்டம்தான்: அந்த மாற்றம் ஒவ்வொரு தலைமுறையிலும் தானாகவே திரும்ப நடக்கும்படி செய்வது.

இன்னும் இரண்டு சில்லறைத் தடைகள். முட்டையை எழுப்பும் கால்சியம் அலையைத் தொடங்கி வைப்பது விந்தணு கொண்டுவரும் ஒரு புரதம். செல் பிரிவதற்கு உதவும் சென்ட்ரியோலையும் மனிதரில் விந்தணுதான் கொண்டுவருகிறது. எலியில் அப்படி இல்லை. எலிச் சோதனையை அப்படியே மனிதர் மேல் ஏற்றும் கதைகளில் விவரம் தெரிந்த வாசகர் பிடித்துக்கொள்ளும் இடம் இது.

மூன்றாம் படி: ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாற்றாதீர்கள்

நகல் வழி: மகள் தாயின் முழு நகல், சாட்டைவால் பல்லி போல. எழுத வசதியானது, விளைவுகள் அதிகம்.

பாதிக் குரோமோசோம் மட்டும் கொண்ட முட்டை அதையே மறுபடி இரட்டிப்பாக்கிக்கொள்ளும் வழி: கேட்க எளிது, ஆனால் ஒளிந்திருக்கும் குறைபாடுகள் எல்லாம் ஜோடி சேர்ந்து முதல் தலைமுறையிலேயே வெளியே வரும். குழந்தைகள் நிறைய இறப்பார்கள். இருண்ட கதைக்குப் பொருந்தும்.

இரண்டு தாய் வழி: இருவரின் முட்டைகள் சேர்ந்து ஒரு குழந்தை. மரபணுக் கலப்பு தொடரும், முகங்கள் வேறுபடும், குடும்பம் நமக்குப் பழகிய வடிவத்துக்குக் கிட்ட வரும். ஆய்வகம் இல்லாமல் இது நடக்க வேண்டுமென்றால் உடலமைப்பையே புதிதாக யோசிக்க வேண்டியிருக்கும்.

விந்து வங்கி வழி: கப்பலில் உறைய வைத்த விந்தணு, அதில் எக்ஸ் மட்டும் பிரித்தெடுத்துப் பயன்படுத்துவது. மனித எக்ஸ் விந்தணுவில் டிஎன்ஏ சுமார் 2.8 சதவீதம் அதிகம் என்பதால் பிரிக்க முடியும். பெண் கன்று மட்டும் வேண்டுமென்று மாட்டுக்குப் பாலினம் பிரித்த விந்து ஊசி போடுகிறார்களே, அதே தொழில்நுட்பம். ஆனால் இது பெண்கள் மட்டுமே கொண்ட இனம் ஆகாது. யாராவது ஒரு நாள் பிரிக்காமல் ஊசி போட்டால் பையன் பிறந்துவிடுவான். அங்கே ஆண் இல்லாமல் வைத்திருப்பது சட்டம். அரசியல் கதை எழுத ஆசைப்பட்டால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிருமி மேல் பழிபோடவும் இடம் இருக்கிறது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பூச்சிகளில் ஆண் கருக்களைக் கொல்லும். சில சமயம் ஆண் இல்லாமலே பெருக வைக்கும். கரும்புத் தோட்டத்தில் ஒட்டுண்ணி அட்டையாகக் கட்டுகிறார்களே டிரைக்கோகிரம்மா குளவி, அந்தக் குடும்பத்தில் சில வகைகள் இந்தப் பாக்டீரியாவால்தான் முழுப் பெண்களாக இருக்கின்றன. ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஆண்கள் திரும்பப் பிறக்கிறார்கள்! சமோவா தீவுகளில் ஹைபோலிம்னஸ் போலினா வண்ணத்துப்பூச்சியில் ஆண்கள் ஒரு சதவீதம் அளவுக்குச் சுருங்கி, பிறகு சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு ஏறியதும் பதிவாகியிருக்கிறது; அந்தக் கிருமியை எதிர்க்கும் மரபணு பரவியதுதான் காரணம். ஆனால் மனிதருக்கு இதைக் கொண்டுவரும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்துப் பையன் பிறக்க வேண்டுமென்றால் ஒய் குரோமோசோம் எங்கேயாவது மிச்சம் இருக்க வேண்டும். குளவியில் பாலினத்தை முடிவு செய்யும் முறையே வேறு என்பதால் அதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

மறுகரைக்கு நான் நகல் வழியைத்தான் எடுக்கிறேன். குடியேறிய 60 பேர் தங்கள் கருமுட்டைகளைத் திருத்திக்கொண்டார்கள். அப்படியானால் 500 ஆண்டுக்குப் பிறகும் அங்கே இருப்பது அதிகபட்சம் 60 முகங்கள், முகத்துக்கு ஒரு வம்சம்.

நான்காம் படி: விலையை நிர்ணயம் செய்யுங்கள்

நகலெடுத்துக்கொண்டே போனால் பிழைகள் சேரும், கழிவதற்கு வழி இல்லை. முல்லரின் பற்சக்கரம் என்பார்கள். முன்னால் மட்டுமே சுழலும், பின்னால் வராது. ஆனால் உங்கள் இனத்துக்கு இதில் ஒரு சலுகை உண்டு, பலர் கவனிப்பதில்லை. இன்று பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றிலும் புதிதாகத் தோன்றும் மரபணு மாற்றங்கள் ஏறத்தாழ 60 முதல் 70. அவற்றில் முக்கால் பங்குக்கு மேல் தந்தை வழியாக வருபவை. விந்தணு வாழ்நாள் முழுக்கப் பிரிந்து பிரிந்து உருவாவதால் அப்படி. தந்தையே இல்லாத இனத்தில் பற்சக்கரம் மெதுவாகத்தான் சுழலும். 500 ஆண்டு எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அமேசான் மோலி ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டாக வாழ்ந்து வருவதாகக் கணிக்கிறார்கள்.

உடனடி ஆபத்து நோயிலிருந்துதான் வரும். வாழை விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். பக்கக்கன்று வைத்து வளர்க்கும் தோட்டம் முழுக்க ஒரே மரத்தின் நகல். ஒரு மரத்தைச் சாய்க்கும் கிருமி எல்லாவற்றையும் சாய்க்கும். உலகம் முழுக்க ஏற்றுமதியான குரோ மிஷேல் வாழையை 1950-களில் பனாமா வாடல் நோய் சந்தையிலிருந்தே துரத்தியது, அந்த இடத்துக்கு கேவண்டிஷ் வந்தது. மறுகரையில் 212-ஆம் ஆண்டில் ஒரு காய்ச்சல் வந்து பதினேழாம் வம்சத்தை மட்டும் ஒரே மாதத்தில் துடைத்துப் போட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றிலிருந்து அங்கே ஒரு சட்டம்: ஒரு வம்சத்தார் எல்லோரும் ஒரே ஊரில் வசிக்கக் கூடாது. ஒவ்வொரு ஊரிலும் எல்லா முகமும் கலந்திருக்கும். உயிரியலிலிருந்து ஒரு சட்டம் பிறந்துவிட்டது. சட்டம் இருந்தால் அதை மீறுகிறவரும் இருப்பார்.

ஐந்தாம் படி: கர்ப்பம் எப்போது தொடங்கும்?

புதிதாக எழுதுபவர்கள் மறக்கிற கேள்வி இதுதான். விந்தணு தேவையில்லை என்றால் மாதாமாதம் வெளிவரும் ஒவ்வொரு முட்டையும் கருவாகிவிடாதா? தடுப்பதற்கு ஏதாவது வேண்டும். பருவகாலமாக இருக்கலாம், தாய்ப்பால் கொடுக்கும் காலமாக இருக்கலாம், துணையின் அருகாமையாக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம்.

மறுகரையில் மருந்து. கருத்தரிப்பு மையங்களில் எழும்பாத முட்டையை எழுப்ப இன்றும் கால்சியம் அயனோஃபோர் பயன்படுத்துகிறார்கள். அதன் தூரத்துப் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்தால்தான் கரு. அப்படியானால் மருந்து யார் கையில்? ஊர்ச் சபையா, வம்சத்து மூத்தவரா, கள்ளச் சந்தையா? உங்களுக்கு வில்லன் தேவைப்பட்டால் இங்கே தேடுங்கள்.

கூடவே ஒரு கணக்கும் போட்டுவிடுங்கள். எல்லோரும் பிள்ளை பெறக்கூடிய சமூகத்தில் ஆளுக்கு ஒரு மகள் இருந்தால் மக்கள் தொகை அப்படியே நிற்கும். நமக்குத் தம்பதிக்கு 2.1 தேவைப்படுகிறது. ஆளுக்கு இரண்டு மகள், தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால், 60 பேரிலிருந்து 20-ஆம் தலைமுறையில் மட்டும் ஆறு கோடியே 29 லட்சம் பேர்! சராசரி ஒன்றரை என்றால் வெறும் இரண்டு லட்சம், அதாவது முகத்துக்கு ஏறத்தாழ 3,300 பேர். இரண்டுக்கும் ஒன்றரைக்கும் இடையில் கதையின் ஊர் நகரமா கிராமமா என்பதே மாறிவிடுகிறது. நான் ஒன்றரையை எடுக்கிறேன்.

உடலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறடி உயர வீராங்கனைகளாக எல்லோரையும் மாற்ற வேண்டாம்; பெண்களின் உயரமும் பலமும் இப்போதே போதுமான அளவு வேறுபடுகின்றன. அலமாரி உயரமும் மண்வெட்டியின் எடையும் அவர்களுக்கு ஏற்றபடி இருக்கும், அவ்வளவுதான்.

ஆறாம் படி: உறவுமுறையைக் கட்டுங்கள்

தமிழில் எழுதுபவருக்கு மிகவும் பிடிக்கப்போகும் படி இது. நம் உறவுப் பெயர்ப் பட்டியலை ஒரு தாளில் எழுதுங்கள். மாமா, சித்தப்பா, மச்சான், கொழுந்தன் எல்லாம் போய்விடும் என்பது தெரிந்ததே. அத்தையும் போய்விடுவாள், ஏனென்றால் அவள் அப்பாவின் சகோதரி அல்லது மாமாவின் மனைவி. நாத்தனார், அண்ணி, மாமியார் கிடையாது. மிஞ்சுவது பாட்டி, பெரியம்மா, அம்மா, சித்தி, அக்கா, தங்கை, மகள், பேத்தி. முறைப்பெண் என்ற கருத்தே இல்லை, தாய்வழியில் எல்லோரும் அக்கா தங்கை. கட்டிக்கொடுக்கும் முறை என்று ஒன்று இல்லாவிட்டால் இரண்டு வம்சங்களை எது இணைக்கும்? நம் ஊரில் கல்யாணம் செய்கிற அந்த வேலையை அங்கே எது செய்கிறது என்று நீங்கள் கண்டுபிடித்தாக வேண்டும். வளர்ப்புக்குப் பிள்ளை மாற்றிக்கொள்வதா, கூட்டுத் தொழிலா, காதலா? மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

நகல் வழியில் இன்னொரு முடிச்சு. தங்கையின் மகளும் என் மகளும் மரபணுவில் ஒன்றேதான். சித்திக்கும் அம்மாவுக்கும் உள்ள வித்தியாசம் சோறூட்டியது யார் என்பது மட்டும். வம்சத்துக்குள் விட்டுக்கொடுத்தல் அதிகமாகவும், வெளியே அளந்து பேசுவதாகவும் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் ஊரில் பக்கத்து வீட்டில் இருப்பது வேறு வம்சம். ஆபத்து வரும்போது 30 மைல் தள்ளி இருக்கும் தன் முகக்காரியா, தினம் குழம்பு கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரியா?

பெண்வழிச் சமூகம் என்றதும் கேரளத்தின் தாய்வழிக் கூட்டுக் குடும்பமான தறவாட்டை முன்மாதிரியாக எடுக்காதீர்கள். அங்கே சொத்து பெண்வழி போனாலும் நிர்வாகம் காரணவர் கையில் இருந்தது. அவர் பெரும்பாலும் தாய்மாமன். மாமனைக் கழற்றிவிட்டால் அந்த அமைப்பு நிற்காது.

ஒரே முகம் என்பதன் விளைவுகளையும் யோசியுங்கள். 12 வயதுச் சிறுமிக்குத் தன் 40 வயது எப்படி இருக்கும், 70-இல் எந்த மூட்டு வலிக்கும் என்று தெரியும். பாட்டியைப் பார்த்தால் போதும். வம்சத்துக்குள் ரத்தமும் சிறுநீரகமும் தயக்கமின்றி மாற்றலாம். குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் டிஎன்ஏ 3,300 பேரைக் காட்டும். கைரேகை மட்டும் வேறுபடும், ஒரே கரு இரட்டையரிலும் அது வேறாகத்தான் இருக்கிறது. அதனால் மறுகரையில் கைநாட்டு வைப்பதுதான் கௌரவம்; கையெழுத்தை யாரும் நம்புவதில்லை.

உடல் ஒரே வகை என்பதால் மனமும் ஒரே வகை என்று எழுதிவிட வேண்டாம். பொறாமை, பேராசை, வன்முறை எல்லாம் அங்கேயும் இருக்கும். ஆண்கள் போனதும் சண்டை போய்விட்டது என்கிற கதையும், ஆண்கள் போனதும் ஊர் சீரழிந்தது என்கிற கதையும் எழுதியவரின் கருத்தைச் சொல்கின்றன. அந்த மக்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ஏழாம் படி: எழுதத் தொடங்கும்போது

தமிழில் வினைமுற்றே பாலைச் சொல்லிவிடும். பக்கம் முழுக்க வந்தாள், போனாள் என்றால் முதல் சில பக்கங்களுக்கு வாசகருக்கு உறுத்தும், பிறகு பழகிவிடும். மூத்தவருக்கு அவர், சமவயதுக்கு அவள் என்று மரியாதை அளவை மட்டும் வேறுபடுத்தினால் போதும். தன்மையில் எழுதினால் இந்தச் சிக்கலே பாதி குறையும்; வந்தேன் என்பதில் பால் இல்லை.

வெளியிலிருந்து வரும் ஆணை முதல் அத்தியாயத்தில் இறக்காதீர்கள். அவன் வந்தால் எல்லோரும் அவனுக்கு விளக்கம் சொல்லத் தொடங்குவார்கள், கதை பள்ளிக்கூடமாகிவிடும். வந்தே தீர வேண்டுமென்றால் காய்ச்சலோடு வரட்டும். அப்படி ஓர் உடலை முன்பின் பார்த்திராத மருத்துவர் என்ன செய்வார் என்பதை எழுதுங்கள்.

முழுக் கதைக்கு முன்னால் மூன்று காட்சிகளை மட்டும் எழுதிப் பாருங்கள்: ஒரு பிரசவம், ஒரு சொத்துத் தகராறு, ஒரு சாவு வீடு. ஆண் என்ற பேச்சே அவற்றில் வரக்கூடாது. சொத்துத் தகராறுக்கு ஒரு தொடக்கம் வேண்டுமென்றால் இதோ: கைரேகைப் பதிவேடு தீயில் போய்விட்டது, ஒரே முகம் கொண்ட இரண்டு பேர் ஒரே வீட்டைக் கேட்கிறார்கள்.

எழுதியதை இரண்டு மூன்று பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவராவது பிள்ளை பெற்றவராகவோ பிரசவ வார்டில் வேலை செய்தவராகவோ இருக்கட்டும். "அது சரி, ரெண்டாவது பிள்ளைக்கு அந்த மருந்தை யாரு கொடுத்தா?" என்று அவர் கேட்டால், அந்தக் கேள்வி வந்த பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.